பட்டிக்குள்ளே துரு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில், மெக்கானிக்கல் பிரிவுப் பட்டறைக் கூடத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஏதாவது உபயோகமா பேசுங்க சார். தன்னம்பிக்கை மட்டும் வேண்டாம், அதுக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் பேர் கொடுத்துட்டாங்க" என்றார். "அப்படின்னா துருவைப் பற்றிப் பேசறேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேசுங்க சார், நம்ம செட்டுல எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிடிச்சுத்தான் இருக்கு" என்றார். அந்த அனுமதியோடு வந்து நிற்கிறேன்.

நான் பேசப் போவது பழைய ஜீப் வகை வண்டிகளின் பாடியில் ஏறும் துருவைப் பற்றி. அதை நம் வீட்டு வாசலில் நம் கையாலேயே எவ்வளவு தூரம் சரி செய்ய முடியும், எந்த இடத்தில் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி. 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி, 1994-இல் வந்த டாடா சுமோ, 2000-இல் வந்த மஹிந்திரா பொலேரோ, டொயோட்டா குவாலிஸ் ஆகியவை இந்த வகை. கீழே ஏணி மாதிரி ஒரு சேசிஸ், அதன் மேல் போல்ட் போட்டு உட்கார வைத்த பாடி. என் வண்டியும் 1990களில் பிறந்த இந்த இனம்தான். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. கடற்கரைக் காற்றில் கால் நூற்றாண்டு நின்ற தகட்டுக்குக் கம்பெனிப் பாகுபாடு கிடையாது.

இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று கேட்கலாம். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு வண்டியைக் காட்டித் தகுதி பார்த்து, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2021-இல் பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கை வந்ததிலிருந்து, பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் "வெச்சுக்கறதா, உடைக்கக் கொடுத்துடறதா" என்ற பேச்சு நடக்கிறது. இன்ஜினுக்கு ரிங், பிஸ்டன் கிடைக்கும். கியர் பாக்ஸைப் பிரித்துச் சேர்க்க ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். ஆனால் பாடி போய்விட்டால் வண்டி போயிற்று. அந்தப் பாடியைத் தின்பது துரு.

மேலே பளபளப்பு, உள்ளே செய்தித்தாள்

என் வண்டியை இரண்டாம் கையாக வாங்கினேன். வாங்கும்போது பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் முன் கதவுக்குக் கீழே, ஏறும்போது கால் படுகிற அந்தப் பெட்டி போன்ற பகுதியில், சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி அங்கே வைத்தேன். ஒட்டவில்லை. நான்கு விரல் தள்ளி வைத்தேன். அங்கும் ஒட்டவில்லை. ஒரு முழம் நீளத்துக்கு அங்கே இரும்பே இல்லை!

ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் பட்டி பாளம் பாளமாகக் கழன்றது. அதற்கு அடியில் கோணித்துணி. துணிக்கு அடியில் மடித்துத் திணித்த தமிழ்ச் செய்தித்தாள். அதற்கும் அடியில் இரும்பு இருந்த இடத்தில் பழுப்பு நிறப் பொடி. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. டிரைவர் சீட் பெல்ட்டின் கீழ் முனையைப் பிடிக்கிற போல்ட், அந்தப் பொடியின் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. அந்த பெல்ட்டை நம்பி எத்தனை பேர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு டிங்கர் மேஸ்திரியிடம் இதைக் காட்டி, "ஏங்க இப்படிச் செய்யறாங்க?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சார், கஸ்டமர் வெள்ளிக்கிழமை வண்டியை விட்டு ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு வேணும்பாரு. அடியில குனிஞ்சு பார்த்த கஸ்டமரை நான் முப்பது வருஷத்துல பார்த்ததில்லை. வெட்டி வெல்டு வெச்சா நாலு நாள் ஆகும்னு சொன்னா, அடுத்த கடைக்குப் போயிடுவாரு. பளபளப்புக்குத்தான் சார் காசு குடுக்கறீங்க" என்றார்.

நியாயமான பதில். பட்டறைக்காரருக்குத் தொழில் தெரியாமல் இல்லை. அவரிடம் இல்லாதது நேரம்; நாம் அதற்குக் கூலி கொடுப்பதில்லை. நாமே வேலையில் இறங்கினால் நம்மிடம் திறமை கொஞ்சம் குறைவாக இருக்கலாம், கருவி குறைவாக இருக்கலாம், ஆனால் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைக் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் செலவிட வேண்டும். இன்றைய என் பேச்சின் சாரமே இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் அதற்கு விளக்கம்.

துளியின் நடுவில் நடப்பது

துரு ஒரு மின்வேதியியல் வேலை. இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன் மூன்றும் கூட வேண்டும். உப்பு வந்து சேர்ந்தால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; வேலை வேகம் பிடிக்கும். இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, எந்த இடத்தில் இரும்பு கரைகிறது என்பதை.

கேம்பிரிட்ஜில் யூ.ஆர். எவான்ஸ் என்ற அறிஞர் இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீரை வைத்துக் காட்டிய சோதனை பாடப் புத்தகங்களில் இருக்கிறது. சொட்டின் விளிம்பில் காற்று படுகிறது, ஆக்ஸிஜன் தாராளம். நடுவில் ஆக்ஸிஜன் பஞ்சம். இரும்பு கரைவது விளிம்பில் அல்ல, நடுவில். ஆக்ஸிஜன் குறைந்த இடம் ஆனோடாகவும் நிறைந்த இடம் கேத்தோடாகவும் ஆகிவிடுகின்றன.

இதை வண்டிக்குப் பொருத்திப் பாருங்கள். மட்கார்டு உள்பக்கம் அப்பிய சேற்றின் அடியில், இரண்டு தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்த மடிப்புக்குள், பட்டிக்கு அடியில், பெயிண்ட் கொப்புளத்துக்கு அடியில் - ஈரம் இருக்கிறது, காற்று குறைவு. அங்கேதான் இரும்பு கரையும். அதனால்தான் வெளியே தெரியும் கீறலைவிட உள்ளே தெரியாத மடிப்பு ஆபத்தானது. துரு, தான் உண்டான இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே மடிப்பைப் பிளக்கும், பெயிண்டைத் தூக்கும். நாம் வெளியே பார்க்கிற கொப்புளம் பெரும்பாலும் உள்ளிருந்து வந்து கதவைத் தட்டுகிற துருதான்.

நம் நாட்டில் இதைப் பற்றி ஆராய்வதற்கு நம் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நன்கொடையிலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சுருக்கமாக 'சிக்ரி' என்பது. 1948-இல் அடிக்கல், 1953-இல் திறப்பு. கடல் காற்றில் உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று சோதிக்க மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு நிலையம் உண்டு. பக்கத்திலேயே பாம்பன் பாலம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. இடைவிடாத பராமரிப்பும் பெயிண்டும் இல்லாமல் அந்தக் காற்றில் ஓர் இரும்புப் பாலம் நூறு வருஷம் தாண்டியிருக்காது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் பாலிசிலாக்ஸேன் பூச்சும், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் போட்டிருக்கிறார்கள். பாலமானாலும் ஜீப்பானாலும் தத்துவம் ஒன்றே: தண்ணீர் போய்ச் சேரும் வழியை முதலில் அடை.

முதலில் சாக்பீஸ், பிறகு கிரைண்டர்

வேலை தொடங்கும் நாளன்று கிரைண்டரைத் தொடாதீர்கள். ஒரு காந்தம், ஒரு குத்தூசி, ஒரு டார்ச் லைட், ஒரு சாக்பீஸ், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கார்ப்பெட், ரப்பர் மேட் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். காந்தம் ஒட்டாத இடம் பட்டி. குத்தூசி இறங்கும் இடம் ஓட்டை. மடக்கிய விரலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும், அரித்த தகடு தொண்டை கட்டியவன் மாதிரி பேசும். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வாருங்கள்.

வட்டங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை மேல்துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் வழவழப்பான உலோகம் தெரியும். இரண்டாவது வகை குழித்துரு. தேய்த்தாலும் அம்மைத் தழும்பு மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் நிற்கும். தகடு மெலிந்திருக்கும், ஆனால் ஓட்டை இல்லை. மூன்றாவது வகை ஓட்டை, அல்லது குத்தூசிக்கு ஓட்டையாகிற இடம். முதல் இரண்டுக்கும் ரசாயனம் உதவும். மூன்றாவதுக்கு வெட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு மருந்து கிடையாது.

அதே நோட்டில் ஒவ்வொரு வட்டத்துக்கும் எதிரே "தண்ணீர் எங்கிருந்து?" என்று ஒரு பத்தி போட்டு நிரப்புங்கள். கதவின் அடி அரித்திருந்தால், அதன் வடிகால் துளை தூசியால் அடைத்திருக்கும். கண்ணாடி பீடிங் வழியே இறங்கும் மழைநீர் கதவுக்குள் வருவது இயல்பு. அது கீழே வெளியேறவும் துளை வைத்துத்தான் வண்டியைச் செய்கிறார்கள். முன் சீட்டுக்குக் கீழே தரை அரித்திருந்தால், முன் கண்ணாடி பீடிங்கைச் சந்தேகப்படுங்கள். பின் சக்கர வளைவு அரித்திருந்தால் சேறு. காரணத்தை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் அடைத்தால், அடுத்த ஐப்பசி கார்த்திகை மழையில் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை வரும்.

எல்லைக் கோடு

தம்பிகளே, இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

இந்த வகை வண்டியில் ஓட்டத்தின் பாரத்தைப் பெரும்பாலும் சேசிஸ் சுமக்கிறது. அதனால் மட்கார்டு, பானெட், கதவின் வெளித்தகடு, டிக்கிக் கதவு இவற்றில் நாம் கை வைக்கலாம். இவை போல்ட்டில் கழன்று வரும் பாகங்கள். வேலை சரியாக அமையவில்லை என்றால் வேறு ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். பின்பக்கத்து வெளித்தகடும், தரையின் நடுப்பகுதியில் சின்ன ஓட்டையும் பழகிய கைக்கு அடங்கும்.

ஆனால் சேசிஸ் சட்டம், பாடி சேசிஸில் உட்காரும் இடங்கள், கதவுக் கீல் பிடிக்கும் தூண்கள், சீட் போல்ட் இறங்கும் தரை, சீட் பெல்ட் பிடிமானம், பிளேடு பட்டையும் ஷாக் அப்சார்பரும் மாட்டும் இடங்கள் - இவற்றில் துரு இருந்தால் அது நம் விடுமுறை நாள் வேலை அல்ல. பார்க்கிறபோது தகடுதான், விபத்து நேரும் அந்த ஒரு விநாடியில் அதுதான் உயிர். என் வண்டியில் மேற்படி பெல்ட் போல்ட் இருந்த பகுதியை நான் தொடவில்லை. சுற்றியுள்ள பட்டியையும் பொடியையும் சுத்தம் செய்து, நல்ல இரும்பு எங்கே தொடங்குகிறது என்று வெளிப்படுத்தி, பாடி கட்டும் வேலையில் பழுத்த ஒரு வெல்டரிடம் கொண்டுபோய், தடித்த தகட்டில் வலுவூட்டி வைக்கச் சொன்னேன். முழு வேலை முடியும் வரை யாரையும் அந்த வண்டியில் ஏற்றவில்லை. நம்மால் முடியாததை முடியாது என்று தெரிந்துகொள்வதும் இந்தப் பட்டறையில் நாம் படித்த பாடம்தான்.

வெட்டும் ஒட்டும்

முதலில் பாதுகாப்பு. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பக்கத்திலுள்ள சீட், பஞ்சு, ஒயர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். எரிபொருள் டேங்க் அருகே வேலை என்றால் டேங்கை இறக்கித் தூரத்தில் வைத்த பிறகுதான். டேங்க் காலியாகத்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் பொட்டுப் பொட்டாகப் பதிந்துவிடும். ஈரச் சாக்கால் மூடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், காலுக்கு ஷூ. லுங்கியோடு வெல்டிங் செய்கிற வீரம் வேண்டாம். தீயணைப்பானும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். மடிப்புக்குள் புகைந்துகொண்டிருந்தது மெதுவாகத்தான் பற்றும்.

வெட்டும்போது மனசு இரங்கக் கூடாது. ஓட்டையின் ஓரத்தோடு நிறுத்தாமல், தேய்த்தால் வெள்ளி மாதிரி மின்னும் தகடு வரும் வரை போங்கள். அதற்கு மேலும் ஓர் அங்குலம் எடுங்கள். ரூபாய் நாணயம் அளவு ஓட்டைக்கு உள்ளங்கை அளவு வெட்ட வேண்டி வரும். அதுதான் சரியான அளவு. மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக வெட்டுங்கள். கூர்மூலையில் இறுக்கம் குவியும். பின்னால் விரிசல் அங்கேதான் பிறக்கும்.

வெட்டிய இடத்துக்கு முதலில் அட்டையில் மாதிரி எடுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு மிகவும் உசத்தி. அட்டை சரியாக உட்கார்ந்த பிறகு தகட்டில் வரையுங்கள். தகடு சி.ஆர். ஷீட், வண்டியின் தகடு என்ன கனமோ அதே கனம். பழைய வண்டிகளில் பெரும்பாலும் 20 கேஜ், அதாவது ஒரு மில்லி மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மைக்ரோ மீட்டரில் அளந்து வாங்குங்கள், அதற்குத்தானே முதலாண்டில் லேபரட்டரி வைத்தார்கள். தடித்த தகடு போட்டால் உறுதி என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே சூட்டில் உருகாது. ஜி.ஐ. ஷீட் என்றால் வெல்டு படும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அந்த வெள்ளைப் புகையை முகர்ந்தால் சாயங்காலம் குளிர் காய்ச்சல் வரும்.

மெல்லிய தகட்டுக்கு ஆர்க் வெல்டிங் ஒத்துவராது, ஓட்டை போட்டுவிடும். சி.ஓ.டூ. வெல்டிங் என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்த மிக் வெல்டிங்தான் வேண்டும், 0.6 அல்லது 0.8 மில்லி மீட்டர் கம்பி. நேராக வண்டியில் கை வைக்காமல், ஒரு வாரம் துண்டுத் தகடுகளில் பழகுங்கள். தகட்டைக் காந்தத்தால் பிடிக்க வைத்து, இரண்டு தகடுக்கும் நடுவே ஒரு மில்லி மீட்டர் இடைவெளி விட்டு, இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, பிறகு நடுவில் ஒரு பொட்டு என்று வையுங்கள். கையை வைத்தால் சுடாத அளவு ஆறிய பிறகு அடுத்த சுற்று. தொடர்ந்து கோடு இழுத்தால் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். நெளிந்த தகட்டை நிமிர்த்துவது தனிக்கலை; அது எனக்குத் தெரிந்த மேஸ்திரிக்கு வரும், எனக்கு வராது.

இந்தப் பொட்டு வைக்கிற வேலைக்கு ஒரு கதவின் அடிக்கு எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆகிறது. பட்டறையில் இதற்கு யாரும் கூலி கொடுக்க மாட்டார்கள். வீட்டில் கூலி கேட்க ஆளில்லை, காபி மட்டும் இரண்டு முறை வரும்.

கடுக்காயும் அன்னபேதியும்

குழித்துருவுக்கு வருகிறேன். கம்பி பிரஷ்ஷால் முடிந்த வரை எடுத்த பிறகும் குழிக்குள் துரு இருக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, உப்பைப் போக்கி, நன்றாக உலர்த்துங்கள். உப்பு உள்ளே இருந்தால் மேலே எந்தப் பூச்சு பூசினாலும் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு துரு மாற்றி என்று விற்கும் திரவத்தைத் தடவலாம். அதில் பாஸ்பாரிக் அமிலம் இருந்தால் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டானிக் அமிலம் இருந்தால் தடவிய இடம் கருநீலமாக மாறும்.

இந்தக் கருநீலம் நமக்குப் புதிதல்ல. கடுக்காயில் டானின் நிறைய இருக்கிறது. அன்னபேதி இரும்பு உப்பு. இரண்டையும் சேர்த்து நம் முன்னோர் எழுதும் மை காய்ச்சினார்கள். துருவின் மேல் டானிக் அமிலம் செய்வதும் அதே வேலைதான். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். இது மெல்லிய துருப்படலத்தைத்தான் மாற்றும். செதில் செதிலாக நிற்கும் துருவின் மேல் தடவினால், மேலே கறுப்பும் கீழே பழைய துருவுமாக நிற்கும். இதுவும் ஒரு வகைப் பட்டிதான்.

"டில்லி இரும்புத் தூண் ஆயிரத்து அறுநூறு வருஷமா அப்படியே நிக்குதே சார், நம்ம தகடு மட்டும் ஏன்?" என்று ஒரு தம்பி வாசலிலேயே கேட்டார். கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் அதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே ஒரு காக்கும் படலம் உண்டாகிறது. வண்டித் தகட்டுக்கு வளைந்து கொடுக்கும் குணம் வேண்டும். பாஸ்பரஸ் கூடினால் இரும்பு உடையும் தன்மை பெறும். ஆகவே நம் தகட்டுக்குப் படலத்தை நாம்தான் போட வேண்டும்.

மறுபக்கம்

ஒட்டுப் போட்டு, தேய்த்து, வெளிப்பக்கம் அழகாக வந்ததும் நமக்குப் பெயிண்ட் ஆசை வரும். இங்கேதான் பட்டறை வேலையும் நம் வேலையும் பிரிய வேண்டும். வெல்டு வைத்த சூட்டில் உள்பக்கத்துப் பூச்சு எரிந்துபோயிருக்கும். அந்தப் பக்கம் இப்போது வெறும் இரும்பு. வெளியே எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும், உள்ளே வெறும் இரும்பாக இருந்தால், இரண்டு மழைக்காலத்தில் வெல்டு ஓரமாகப் பழையபடி கொப்புளம் கிளம்பும்.

கை எட்டுகிற இடத்தில் உள்பக்கமும் எபாக்ஸி ப்ரைமர் அடியுங்கள். தகடுகள் சேரும் மடிப்புகளில் சீலர் போடுங்கள். வடிகால் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். கை எட்டாத பெட்டிப் பகுதிகளுக்கு, பெயிண்ட் வேலை எல்லாம் முடிந்த பிறகு, ரப்பர் மூடியைக் கழற்றி நீண்ட குழாய் வைத்து மெழுகுப் பூச்சு அடிக்க வேண்டும். அது மடிப்புக்குள் ஊறி நிற்கும். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பீய்ச்சும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், மண்ணைக் கெடுக்கும், பிரேக்கில் சொட்டினால் ஆபத்து. துருவின் மேலேயே தார் மாதிரிக் கறுப்புப் பூச்சு அடித்து மூடுவது அதைவிட மோசம். ஈரம் உள்ளே சிறைப்பட்டு, எவான்ஸ் காட்டிய சொட்டின் நடுப்பகுதி நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

பட்டி பாவம் செய்த பொருள் அல்ல. நல்ல தகட்டின் மேல், எபாக்ஸி ப்ரைமர் அடித்து, இரண்டு மூன்று மில்லி மீட்டர் கனத்துக்குள் சமன் செய்வதற்குத்தான் அது. ஓட்டையை அடைப்பதற்கல்ல. பாலியெஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். ஆகவே பட்டியின் மேல் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பர் தேய்க்க வேண்டாம். உலர்ந்தபடியே உப்புத்தாளால் தேயுங்கள். தூசிக்கு மாஸ்க் போடுங்கள். சாதாரண ப்ரைமரை அடித்துவிட்டு வாரக்கணக்கில் வண்டியை வெளியே நிறுத்தாதீர்கள். அதன் வழியாகவும் ஈரம் இறங்கும்.

இந்த வேலைக்கு மாசி முதல் ஆனி வரை நல்ல காலம். ஈரக்காற்று அடிக்கும் நாளில் தேய்த்துப் பளிச்சென்று வைத்த தகடு, சாப்பிட்டு வருவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். தேய்த்த அன்றே ப்ரைமர் என்பது விதி. அதற்காக உச்சி வெயிலில் அடிக்கவும் வேண்டாம். சுடும் தகட்டில் பெயிண்ட் போய்ச் சேருமுன் காய்ந்து சொரசொரப்பாகும். காலை வேளையில் நிழல்தான் சரி.

கடைசிப் பெயிண்டை நான் வீட்டில் அடிப்பதில்லை. கெட்டிப்பான் கலந்த பி.யூ. பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் சாரலை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம்; துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. வெளியிலிருந்து நல்ல காற்று வரும் முகமூடியும் பூத்தும் இருக்கிற இடத்தில் அதைக் கொடுத்துவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பளபளப்புக்கு மட்டும் காசு கொடுங்கள்.

நிறைவாக

நண்பர்களே, என் வண்டியில் இரண்டு கதவு, ஒரு மட்கார்டு, பின் சக்கர வளைவு ஒன்று, இத்தனையும் முடிய ஒன்பது மாத ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஒட்டுப் போட்ட இடங்களை எல்லாம் மூடுவதற்கு முன் படம் எடுத்து, தேதி எழுதி, வண்டிப் புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். எங்கே நான் செய்தேன், எங்கே வெல்டர் செய்தார், எந்த இடத்தில் குழித்துரு இன்னும் இருக்கிறது என்று அதில் இருக்கும். அடுத்து இந்த வண்டியை யார் வாங்கினாலும் காந்தம் வைத்துத் தேட வேண்டியதில்லை. செய்தித்தாளை உள்ளே திணிக்காமல் கையில் கொடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை பாருங்கள்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. முதலாண்டில் இந்தக் கூடத்தில் தகட்டை வெட்டி மடித்து ஒரு ட்ரே செய்யச் சொல்வார்கள். "இது எதுக்குடா?" என்று நாங்களும் சலித்துக்கொண்டோம். ஒரு தகட்டை அளந்து, வெட்டி, மடிக்கத் தெரிந்த கைக்கு எந்தப் பழைய வண்டியும் பயப்படும். அந்த வகுப்பை மட்டும் கட் அடிக்காதீர்கள். பிறகு நீங்கள் பாலம் கட்டினாலும், பாய்லர் பார்த்தாலும், சான்றிதழில் கையெழுத்துப் போட்டாலும், பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். வருகிற போகியன்று, மழைக்காலம் முடிந்த கையோடு, வண்டிக் கதவைத் திறந்து அடியில் உள்ள வடிகால் துளைகளை ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். மட்கார்டு உள்பக்கத்துச் சேற்றை ஹோஸ் வைத்துக் கழுவுங்கள். கார்ப்பெட்டைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள். கால் மணி நேர வேலை. ஈரம் தட்டினால் சாக்பீஸை எடுங்கள்.